க்காக

தக்கலை ஆபீஸில் மழைக்கு ஒழுகாத
ஒரே மூலை எனக்கு.
மேசைப் பலகையில் ‘துணை’ மட்டும் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது.
தூரத்திலிருந்து பார்த்தால் நான் வட்டாட்சியர்.
கிட்ட வரவரக் குறைவேன்.

பெரியவர் நாகர்கோவில் கூட்டத்துக்குப் போகிற நாளில்
அவர் நாற்காலியில் நான்.
முதுகில் கிடக்கும் துவர்த்து அவருடையது,
இருக்கையின் பள்ளமும் அவருடையது.
நுனியில் உட்காருவேன்,
அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவள்போல.

கையெழுத்துக்கு மேலே எழுதவேண்டும்:
வட்டாட்சியருக்காக.
பதினாறு வருஷமாக இதே.
வருமானச் சான்று, வாரிசுச் சான்று,
செத்தவனுக்கு யார் யார் பிள்ளைகள் என்பதுகூட
இன்னொருவருக்காகவே நான் சொன்னது.

ரிக்கார்டு ரூம் தாசையனுக்கு மட்டும்தான் இங்கே
பழைய மலையாளக் கையெழுத்து ஓடும்.
வெள்ளிக்கிழமை ஒரு கட்டை அவிழ்த்தான்.
துணி உளுத்து, நூல் விரலோடு வந்தது.
கொல்லம் ஆயிரத்து அறுபத்துநாலு, துலாம் மாசம்.
“பேஷ்கார் கச்சேரி பைலாக்கும் மேடம்.
திவானுக்கு அடுத்த ஆளு.”

பத்மநாபபுரம் டிவிஷன் முழுக்க அவர் கையில்.
கை இங்கே,
மோதிரம் திருவனந்தபுரத்தில்.

பேஷ்கார் என்றால் பாரசீகத்தில்
முன்னே கொண்டுவைக்கிறவனாம்.
“முன்னாடி நிப்பான், ரெண்டாவதா எண்ணுவாங்க,”
என்று சிரித்தான் தாசையன்.
நான் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தேன்.

அந்தத் துலாத்தில் ஒன்பது நாள் மழை.
மாவிறக்கிக் குளம் கரை உடைந்தது.
பண்டாரவகை நெல் பத்தாயத்தில்,
சாவி பேஷ்காரிடம்,
திறக்கும் உத்தரவு திவானிடம்.
கடிதம் கொண்டுபோன அஞ்சல்காரன்
குழித்துறையில் ஆறு இறங்கட்டும் என்று
இரண்டு நாள் மணியைக் கையில் பொத்தி நின்றான்.
(மணியைப் பொத்தியது நான் சேர்த்தது.
பைலில் ‘தாமதம்’ என்றுதான் இருக்கிறது.)

நாற்பது கோட்டை நெல் வெளியே போனது.
மாதம் முடியுமுன் ஹஜூரிலிருந்து ஒரு வரி:
யாருடைய உத்தரவின்பேரில்?

பதில் நகல் மட்டும் மிச்சம்.
‘தங்கள் கல்பனையை எதிர்பார்த்து’ — அடித்திருக்கிறது.
‘நிலைமையை உத்தேசித்து’ — அடித்திருக்கிறது.
கீழே, ‘திவான்ஜிக்கு வேண்டி’ என்று
ஒப்பம் விழவேண்டிய இடத்தில்
வேறு ஒரு சொல்: ‘விசப்பினு வேண்டி’.

வேண்டி. நம் பக்கம் அது கேட்பது,
அந்தப் பக்கம் அது ‘க்காக’.
இரண்டும் தெரிந்த ஊர் இது.
பசிக்காக.

“குமாஸ்தா எவனாவது கிறுக்கியிருப்பான்,” என்றான் தாசையன்.
இருக்கலாம்.
அடுத்த தாள் கறையானுக்குப் போயிற்று,
அவர் பெயரும் வேலையும் என்ன ஆயின என்பதோடு.

ஐம்பத்தாறில் எல்லை நகர்ந்தது.
காகிதம் போகிற திசை மாறிற்று, லிபி மாறிற்று.
‘க்காக’ மட்டும்
வடமேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தது
எழுந்து வடகிழக்கே பார்த்து உட்கார்ந்தது.

இன்று நாலேமுக்காலுக்கு கனகபாய் வந்தாள்,
பேச்சிப்பாறைக்கு மேலேயிருந்து,
ரப்பர் பால் காய்ந்த விரல்களில் ஒரு போட்டோ.
சுவர் இருந்த இடத்தில் வாழை சாய்ந்து கிடக்கிறது.
சேதப் பட்டியல் நேற்று முடிந்தது.
“பெரிய ஆபீசர் இல்லியா?”
“இல்ல. நானாக்கும்.”
அவள் என்னைத் தாண்டிக்
காலி அறையை ஒருமுறை பார்த்தாள்.

பட்டியலில் கடைசிப் பெயருக்குக் கீழே
அரை விரல் இடம் இருந்தது.
எழுதினேன். தேதியும் இன்றையதே போட்டேன்.
சீல் வைத்தேன்.
என் பெயருக்கு மேலே ‘க்காக’ எழுதி,
அதற்கு முன்னால் வரவேண்டிய சொல்லிடம் வந்தபோது
தாசையன் மெயினை அணைத்துவிட்டான்.

இருட்டில் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
நாளை பத்தரைக்குப் பெரியவர் வருவார்.
கேட்பார்.